ஆலங்கட்டி அடித்த கூரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சித்திரை மழையோடு ஆலங்கட்டியும் சேர்ந்து அடித்த பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கூரையைப் பற்றியவைதான். ஓடு போச்சு, ஷீட்டு ஓட்டையாச்சு, இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனால் பணம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சேதம் மதிப்பிடும் சர்வேயராக 22 வருஷம் ஏணியும் டேப்புமாக ஊர் ஊராகப் போனவன் நான். நியாயமாக வர வேண்டிய பணம், சின்னச் சின்ன விஷயம் தெரியாததால் வராமல் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன், அது இன்னும் மனதை உறுத்துகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: எங்களுடையது மாமனார் காலத்துச் சீமை ஓட்டு வீடு. போன வாரம் சாயங்காலம் நெல்லிக்காய் அளவுக்கு ஆலங்கட்டி விழுந்து ஆசாரத்துக்கு மேலே நாற்பது ஓடாவது உடைந்திருக்கும். அடுத்த நாளே ஆளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார், நான்தான் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன். பேங்க் லோன் வாங்கியபோது ஏதோ பாலிசி போட்டார்கள். இப்போது என்ன செய்வது? (ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: நிறுத்தி வைத்தீர்கள் பாருங்கள் அம்மா, பாதி வேலை அதிலேயே முடிந்தது. ஆலங்கட்டி கரைந்துவிடும், அடித்தது ஆலங்கட்டிதான் என்பதற்குக் கடைசியில் மிஞ்சுகிற சாட்சி உங்கள் கூரை ஒன்றுதான். அதை மாற்றிவிட்டு, உடைந்த ஓட்டையும் குப்பைமேட்டில் கொட்டிவிட்டால், வருகிற சர்வேயருக்குப் பார்க்க ஒன்றுமே இருக்காது.

அதற்காக மழையில் வீடு நனையட்டும் என்று விடவும் கூடாது. மேற்கொண்டு சேதம் ஆகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்று பாலிசியிலேயே இருக்கும். தார்ப்பாய் போட்டது சரி, அதை வாங்கிய ரசீதையும் கட்டிய ஆளுக்குக் கொடுத்த கூலியையும் குறித்து வையுங்கள்.

இப்போது முதல் வேலை, நிறுவனத்துக்குத் தகவல் சொல்வது. போனில் சொன்னாலும் அதோடு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், தேதியும் நேரமும் அதில்தான் நிற்கும். புகார் எண் கொடுப்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் படம். எடுக்கிற வரிசை முக்கியம். முதலில் வீடு முழுசாகத் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் எடுங்கள், பிறகு கூரையின் ஒவ்வொரு சரிவையும் தனித்தனியாக, அதற்குப் பிறகுதான் உடைந்த ஓடு கிட்டத்தில். கிட்டத்துப் படத்தில் டேப்போ ஒரு பத்து ரூபாய் நாணயமோ பக்கத்தில் இருக்கட்டும். அந்த நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர், எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல். வெறும் கிட்டத்துப் படமாக நாற்பது அனுப்பினால் அது எந்த வீட்டு ஓடு என்றே யாருக்கும் புரியாது. வீட்டுக்குள்ளே நின்று மேலே பார்த்தும் எடுங்கள், ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டங்களுக்கு நடுவில் வெளிச்சம் தெரிகிற இடம் ஒவ்வொன்றும் ஒரு உடைப்பு. நனைந்த சுவர், மெத்தை, டிவி எதையும் விடாதீர்கள். இதற்கெல்லாம் நீங்களோ வீட்டுக்காரரோ ஈர ஓட்டின் மேல் ஏற வேண்டாம். ஏணி வைத்து எரவாணத்து உயரத்தில் நின்று எடுத்தாலே போதும்.

உடைந்த ஓட்டை இறக்கும்போது சர்வேயர் வந்து பார்க்கும் வரை ஒரு மூலையில் அடுக்கி வையுங்கள். எந்தச் சரிவிலிருந்து எடுத்தது என்று சுண்ணாம்பால் ஒரு குறி போட்டால் இன்னும் நல்லது. அடுத்த முறை விழும்போது, மழை நின்றதும் நாலு ஆலங்கட்டியைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடுங்கள், நாணயத்தோடு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்தவர்கள் கொடுத்த படத்தை வைத்து நான் அரை மணி நேரத்தில் அறிக்கை எழுதியிருக்கிறேன்.

பேங்க் பாலிசி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லோன் கொடுக்கும்போது போடுகிற பாலிசி சில சமயம் கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடாக மட்டும் இருக்கும், வீட்டுக்கு இருக்காது. கிளைக்குப் போய் பாலிசி நகலை வாங்கிப் படித்துப் பாருங்கள். வீட்டுக்கான பாலிசியாகவே இருந்தாலும் அதில் பேங்க் பெயரும் சேர்ந்திருக்கும், பணம் முதலில் அவர்களுக்குப் போகலாம், அல்லது அவர்கள் சம்மதக் கடிதம் தர வேண்டியிருக்கலாம். இதை இன்றைக்கே பேசிவிடுங்கள்.

கேள்வி: என் பாலிசியை வரி வரியாகப் படித்தேன். புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் இருக்கிறது, ஆலங்கட்டி மழை என்ற வார்த்தையே இல்லை. ஏமாந்துவிட்டேனா? (காரமடை வாசகர்)

பதில்: இல்லை தம்பி. வண்டி பாலிசியில் ஆலங்கட்டி மழை தனியாகவே எழுதப்பட்டிருக்கும், வீட்டு பாலிசியில் புயல், சூறாவளி, கடும் காற்று மழை, வெள்ளம் என்று ஒரு வரிசையாக வரும். ஆலங்கட்டி தனியாக வானத்திலிருந்து வருவது கிடையாது. பகல் வெயிலில் சூடேறிய காற்று வேகமாக மேலே கிளம்பி இடிமேகமாக நிற்கிறது, அந்தக் காற்று மழைத்துளியைத் தூக்கிக்கொண்டே போய் உறைய வைக்கிறது, உறைந்த கட்டியின் மேல் இன்னும் தண்ணீர் ஒட்டி உறைந்து, காற்றால் தாங்க முடியாத கனம் ஆனதும் கீழே விழுகிறது. இடியும் காற்றும் இல்லாமல் ஆலங்கட்டி இல்லை. அதனால் கிளெய்ம் ஃபாரத்தில் "ஆலங்கட்டி விழுந்தது" என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து காற்று, இடி இருந்ததா, மரம் சாய்ந்ததா, கரண்ட் எப்போது போனது எல்லாம் எழுதுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதினாலே அது புயல் மழை என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஆலங்கட்டி ஒரு ஊரில் அடிக்கும், நாலு மைல் தள்ளி ஒரு பொட்டு விழாது. பீளமேட்டில் இருக்கிற வானிலை நிலையத்தில் அன்று ஒன்றும் பதிவாகவில்லை என்றால் உங்கள் ஊரில் விழவில்லை என்று அர்த்தம் இல்லை. அடுத்த நாள் பேப்பரில் ஊர்ப் பெயரோடு வந்த செய்தி, பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த வீடியோ, வாழையோ வெற்றிலையோ கிழிந்து கிடக்கிற தோட்டத்துப் படம், கிராம நிர்வாக அலுவலர் பார்த்துவிட்டுப் போனதற்கான கடிதம், இவையெல்லாம் மழைமானிக் கணக்கைவிட நன்றாகப் பேசும்.

கேள்வி: மாட்டுக் கொட்டகையை ஒட்டி வீட்டுச் சமையல்கட்டுக்குச் சிமெண்ட் ஷீட் போட்டிருக்கிறோம். பதினொரு ஷீட்டில் விரிசலும் ஓட்டையும். வந்த சர்வேயர் அண்ணாந்து பார்த்துவிட்டு "இதெல்லாம் பழைய விரிசல்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். புதுசு பழசு எப்படிப் பிரிப்பது? எங்கள் பக்கம் மயில் தொல்லையும் உண்டு, அதையும் காரணமாகச் சொல்கிறார். (உடுமலைப்பேட்டை வாசகர்)

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் தேய்மானமும் பழைய பழுதும் எந்தப் பாலிசியிலும் வராது, புதுசையும் பழசையும் பிரித்துக் காட்டுவதில்தான் மொத்த வழக்கும் நிற்கிறது.

உடைந்த வாயைப் பாருங்கள். புதிதாக உடைந்த சிமெண்ட் ஷீட்டின் ஓரம் வெளிறிய சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கும், விரலால் தடவினால் கூர்மையாக உறுத்தும். பழைய விரிசலின் ஓரம் கறுத்துப் போயிருக்கும், பாசி பிடித்திருக்கும். சமையல்கட்டு என்கிறீர்கள், விறகடுப்பு இருந்தால் உள்பக்கத்து விரிசலுக்குள் கரி ஏறியிருக்கும், சிலந்திக்கூடு இருக்கும். எப்போதோ தார் பூசி அடைத்த தடமும் சில ஷீட்டில் இருக்கலாம். சீமை ஓட்டிலும் இதே கதைதான், புது உடைப்பு உள்ளே செங்கல் சிவப்பாகப் பளிச்சென்று இருக்கும், பழையது மங்கி மண் ஏறியிருக்கும். இந்தப் பளிச்சென்ற நிறம் இரண்டு மழைக்கு மேல் நிற்காது. அதனால்தான் முதல் இரண்டு நாள் படத்துக்கு நான் உயிரைக் கொடுக்கிறேன்.

அடுத்தது, விரிசல் எங்கே ஆரம்பிக்கிறது? ஷீட்டைச் சட்டத்தோடு பிணைக்கிற ஜே போல்ட்டின் ஓட்டையிலிருந்து கிளம்பி நீளமாக ஓடுகிற விரிசல் பெரும்பாலும் போல்ட்டை அதிகமாக முறுக்கியதாலோ வெயிலில் ஷீட்டு விரிந்து சுருங்கியதாலோ வந்தது. ஆலங்கட்டி அடித்தது போல்ட்டைத் தேடிப் போகாது. இரண்டு பர்லினுக்கு (ஷீட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டம்) நடுவில், அலையின் முகட்டில், ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் மாதிரி மூன்று நான்கு பக்கம் பிரிகிற விரிசலாக இருக்கும். ஓட்டையே விழுந்திருந்தால் மேல்பக்கம் சின்னதாகவும் உள்பக்கம் சில்லு பெயர்ந்து அதைவிட அகலமாகவும் இருக்கும், மேலேயிருந்து அடி வாங்கியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மயில் உட்கார்ந்து நாட்டு ஓடு நழுவுவதும், தேங்காய் விழுந்து உடைவதும் நம் பக்கம் நடப்பதுதான், சர்வேயர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் தேங்காய் விழுந்தால் தென்னைக்கு நேர் கீழே ஒரே இடத்தில் கும்பலாக உடையும். மயிலும் குரங்கும் நடக்கிற இடம் முகடும் ஓரமும். ஆலங்கட்டி காற்று வந்த பக்கத்துச் சரிவு முழுக்கச் சிதறலாக அடித்திருக்கும், எதிர்ச் சரிவில் குறைவாக இருக்கும். ஒரு தாளில் கூரையை வரைந்து, உடைப்பு உள்ள ஷீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். சிதறலா கும்பலா என்று அந்தத் தாளே காட்டிவிடும்.

கூரையை விட்டுச் சுற்றுமுற்றும் பாருங்கள். ஏசியின் வெளிப்பெட்டியில் இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடு, பைக் டேங்க், தகர வாளி, தண்ணீர்த் தொட்டி மூடி, கொசுவலை ஜன்னல், இவற்றில் அதே பக்கத்தில் புள்ளி புள்ளியாகப் பள்ளமோ கிழிசலோ இருந்தால் அத்தனையும் உங்கள் பக்கச் சாட்சி. பல வீடுகளில் கூரையைவிட ஏசி பெட்டிதான் எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறது.

இப்படிப் பார்த்து, பதினொன்றில் எட்டு புதுசு, மூன்று பழசு என்று உங்களுக்கே தெரிந்தால் எட்டை மட்டும் எழுதுங்கள், மூன்று பழையது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பழையதைத் தானாக ஒதுக்கிக் காட்டுகிறவரின் மற்ற எட்டை எந்தச் சர்வேயரும் சந்தேகப்பட மாட்டார். இந்த விவரத்தோடு மறு ஆய்வு கேட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. சர்வேயருக்கான கட்டணத்தை நிறுவனம்தான் கொடுக்கும், உங்களிடம் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஷீட்டு மேலே கால் வைக்காதீர்கள், தயவுசெய்து. ஆலங்கட்டி அடித்து மேலே தெரியாத விரிசல் ஓடியிருக்கும், ஆளோடு உள்ளே விழும். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் பர்லின்மேல் படுகிற மாதிரி நீளப் பலகை போட்டு, தெரிந்த ஆளை ஏற்றுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் உடைந்ததைக் காய்ந்தபடி பெருக்கக் கூடாது, ரம்பம் போட்டு அறுக்கக் கூடாது. அந்த நார்த்தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் பெரிய நோயில் கொண்டுவிடும். தண்ணீர் தெளித்து நனைத்து, மாஸ்க் போட்டுப் பொறுக்குங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேள்வி: வீட்டை ஒட்டியே எட்டுத் தறி ஓடுகிற ஷெட். அதன் கூரைதான் அதிகம் போனது, பாவு நூலும் நனைந்தது. வீட்டு பாலிசியில் கேட்கலாமா? (சோமனூர் வாசகர்)

பதில்: முடியாது. வீட்டு பாலிசி குடியிருக்கிற கட்டடத்துக்கு. ஒரே காம்பவுண்டு, ஒரே கரண்ட் கம்பம் என்றாலும் தறி ஓடுகிற ஷெட் தொழில் கட்டடம். அதற்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று தனி பாலிசி இருக்கிறது, கட்டடம், இயந்திரம், நூல், துணி எல்லாம் சேர்ந்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருக்கிறவர்களுக்கு. இப்போது ஆன சேதத்துக்கு அது உதவாது, எனக்கும் வருத்தம்தான். வீட்டுப் பகுதியில் ஏதாவது சேதம் இருந்தால் அதை மட்டும் தனியாகப் பிரித்துக் கேளுங்கள். ஷெட்டையும் சேர்த்து எழுதினால் வீட்டுக்கு வர வேண்டியதும் தாமதமாகும். பல்லடம், சோமனூர், சென்னிமலைப் பக்கம் வீடும் தொழிலும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற எல்லோரும் இந்த வருஷம் பாலிசியை எடுத்து ஒரு தடவை பாருங்கள்.

கேள்வி: மொட்டைமாடிக்கு மேலே கலர் ஷீட்டு போட்டிருக்கிறோம். நூற்றுக்கணக்கில் பள்ளம், ஆனால் ஒழுகவில்லை. "அழகுதான் கெட்டது, சேதம் இல்லை" என்கிறார்கள். (ஈரோடு வாசகி)

பதில்: இது உண்மையிலேயே இழுபறியான விஷயம். பள்ளம் விழுந்தாலும் தண்ணீரைத் தடுக்கிற வேலையை ஷீட்டு செய்கிறது என்றால் முழுசாக மாற்றித் தர மறுப்பார்கள், அவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. நீங்கள் தேட வேண்டியது, பள்ளத்தில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்பதை. மேல்பூச்சு வெடித்த இடத்தில் துத்தநாகப் பூச்சும் போயிருந்தால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் துரு ஏறும். அது அழகுக்குறை இல்லை, ஆயுள் குறைவு. அப்புறம், இரண்டு ஷீட்டு சேருகிற மடிப்பும் ஸ்க்ரூவுக்குக் கீழே இருக்கிற ரப்பர் வாஷரும். மடிப்பு வாய் பிளந்திருந்தாலோ வாஷர் நசுங்கியிருந்தாலோ இன்று ஒழுகாவிட்டாலும் ஐப்பசியில் ஒழுகும்.

பள்ளத்தைப் படத்தில் காட்டுவது சிரமம், நடுப்பகல் வெயிலில் ஒன்றுமே தெரியாது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள், அல்லது இருட்டில் டார்ச்சை ஷீட்டோடு ஒட்டிப் பிடித்து எடுங்கள். ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் சமமான இடமெல்லாம் நிறம் பிடிக்கும், பள்ளம் மட்டும் அப்படியே நிற்கும், எண்ணுவதற்குச் சுலபம். பத்தடிக்குப் பத்தடி கட்டம் ஒன்று போட்டு, அதற்குள் எத்தனை பள்ளம், எத்தனையில் பூச்சு வெடித்திருக்கிறது என்று எண்ணி எழுதிக் கொடுங்கள். எண்ணிக்கையோடு கேட்கிறவருக்கு எண்ணிக்கையோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: கான்கிரீட் வீடு. ஆலங்கட்டி மழைக்கு அப்புறம் பெட்ரூம் சீலிங் ஒழுகுகிறது. கிளெய்ம் செய்யலாமா? (கோவை சரவணம்பட்டி வாசகர்)

பதில்: நேராகச் சொல்லிவிடுகிறேன், நம் பக்கம் விழுகிற அளவு ஆலங்கட்டி நல்ல கான்கிரீட் தளத்தை உடைக்காது. அன்றைக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்: காற்றில் வந்த இலையும் ஆலங்கட்டியும் சேர்ந்து மழைநீர்க் குழாய் வாயை அடைத்திருக்கும், மாடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், தட்டோட்டு இணைப்பில் ஏற்கனவே இருந்த விரிசல் வழியாக இறங்கியிருக்கும். அந்த விரிசல் பழையது, அதைச் சரிசெய்கிற செலவு பாலிசியில் வராது. மாடியில் போட்ட தட்டோட்டில் எங்காவது புதிய உடைப்பு இருக்கிறதா, கைப்பிடிச் சுவர், கண்ணாடிக் கூரை, தண்ணீர்த் தொட்டி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள், அது இருந்தால் அதற்குக் கேளுங்கள். ஒழுகலுக்கு ஒரு நல்ல மேஸ்திரியை வைத்து வேலை செய்யுங்கள், ஆறு மாசம் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

கேள்வி: மாடியில் சோலார் பேனல். கண்ணாடி ஒன்றும் உடையவில்லை. ஆனால் மழைக்கு அப்புறம் கரண்ட் உற்பத்தி குறைந்த மாதிரி இருக்கிறது. (திருப்பூர் வாசகர்)

பதில்: பேனல்களைச் சோதிக்கும் சர்வதேச முறையில் 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் பதினொரு இடங்களில் அடித்துப் பார்ப்பார்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னது. அதைவிடப் பெரியது விழுந்திருந்தால் கண்ணாடி தப்பித்தாலும் உள்ளே இருக்கிற செல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கலாம். "குறைந்த மாதிரி" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். இன்வெர்ட்டர் ஆப்பில் மழைக்கு முந்தின பத்து வெயில் நாள், பிந்தின பத்து வெயில் நாள் உற்பத்தியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் பேனலைக் கழுவிவிடுங்கள், தூசியாலும் குறையும். அப்படியும் குறைவு தெரிந்தால் பேனல் போட்டுத் தந்த நிறுவனத்தைக் கொண்டு செல் விரிசலைப் படமெடுக்கும் சோதனை செய்து, அறிக்கையோடு கேளுங்கள். பாரத் கிருஹ ரக்ஷா என்கிற வீட்டு பாலிசியில் வீட்டுக் கட்டடம் என்ற வரையறைக்குள் சோலார் பேனலும் நிலையான தண்ணீர்த் தொட்டியும் அடங்கும். ஆனால் வீட்டு மதிப்பைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொன்னீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: ஷீட்டு மாற்ற வந்த காண்ட்ராக்டர், "எப்படியும் சர்வேயர் வரப்போகிறார், நல்லா இருக்கிற நாலு ஷீட்டையும் சுத்தியால் தட்டிவிடலாம், மொத்தக் கூரையும் இன்சூரன்ஸ் பணத்திலேயே புதுசாகும்" என்கிறார். எல்லோரும் செய்கிறார்களாம். (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

பதில்: செய்யாதீர்கள். சுத்தி அடித்த இடம் எனக்கு மட்டும் இல்லை, ஆறு மாசம் பழகிய சர்வேயருக்கும் தெரியும். ஒரே அளவில், ஒரே கோணத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் வரிசையாக இருக்கும். ஆலங்கட்டியோ சின்னதும் பெரியதும் கலந்துதான் விழும். ஒரு இடத்தில் பொய் என்று தெரிந்துவிட்டால் அந்த நாலு ஷீட்டு மட்டும் போகாது, உண்மையாகவே உடைந்ததற்கும் சேர்த்து மொத்தக் கிளெய்மும் போகும். அந்த ஆளை மாற்றிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் மலைமேல் இருக்கிறோம், இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்ததில்லை. சாளை வீட்டு ஓடு பாதி போச்சு, மாட்டுக் கட்டுத்தரைக் கூரையும் போச்சு. எங்களுக்கு ஏதாவது வழி உண்டா? (தாளவாடி வாசகர்)

பதில்: உண்டு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் உதவி தருகிற பேரிடர் பட்டியலில் ஆலங்கட்டி மழையும் பெயரோடு இருக்கிறது. 2022–23 முதல் 2025–26 வரைக்கான மத்திய அரசு நெறிமுறையில், வீட்டில் குறைந்தது 15 சதவீதம் சேதம் ஆகியிருந்தால் உறுதியான வீட்டுக்கு 6,500 ரூபாய், மண் வீடு மாதிரியானவற்றுக்கு 4,000 ரூபாய், வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகைக்கு 3,000 ரூபாய் என்று இருக்கிறது. பெரிய தொகை இல்லைதான், ஆனால் கேட்காமல் விடக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள், வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். அவர் வந்து பார்க்கும் வரை படமும் உடைந்த ஓடும் இருக்கட்டும். பயிரும் போயிருந்தால் அதற்குத் தனி மனு, தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலகத்தில்.

கேள்வி: ஓடு, ரீப்பர், கூலி எல்லாம் சேர்த்து 92,000 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்தேன். 38,000 ரூபாய்தான் தருவார்களாம். எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? இதோடு விட்டுவிடுவதா? (கரூர் வாசகர்)

பதில்: விட வேண்டாம், ஆனால் முதலில் கணக்கு எங்கே பிரிந்தது என்று பார்ப்போம். சர்வே அறிக்கையின் நகலை வாங்கி உங்கள் எஸ்டிமேட்டோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள். மூன்று இடத்தில்தான் வழக்கமாக வெட்டு விழும்.

எண்ணிக்கை முதலாவது. சீமை ஓடு 100 சதுர அடிக்குச் சுமார் 150 பிடிக்கும். உதாரணமாக உடைந்தது 200 ஓடு என்றால், கழற்றி மாற்றும்போது இன்னும் இருபது முப்பது உடையும் என்பது ஓடு மேய்கிறவருக்குத் தெரியும், எஸ்டிமேட்டில் எழுதாவிட்டால் சர்வேயர் கணக்கில் வராது. ஒரே தொகையாக "கூரை வேலை 92,000" என்று எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். ஓடு இத்தனை, விலை இத்தனை, முகட்டு ஓடு இத்தனை, ரீப்பர் இத்தனை அடி, ஆள் இத்தனை நாள், சாரம், வண்டி வாடகை என்று பிரித்து மறுபடி வாங்குங்கள். இடிபாடு அகற்றும் செலவும் பாரத் கிருஹ ரக்ஷாவில் கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை உண்டு, நிறையப் பேர் அதைக் கேட்பதே இல்லை.

இரண்டாவது தேய்மானம். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனமும் வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டிய பாலிசி இந்த பாரத் கிருஹ ரக்ஷா. அதில் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை, வீட்டின் உள்பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. உதாரணமாக 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 18 லட்சம். புதிதாகச் செய்ய என்ன ஆகும் என்பதுதான் அங்கே அடிப்படை, பழைய ஓடு என்று பாதி விலை போட்டிருந்தால் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது குறைக் காப்பீடு. 20 லட்சம் பெறுமான வீட்டை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், பழைய மாதிரி பாலிசிகளில் ஒரு லட்சம் சேதத்துக்கு ஐம்பதாயிரம்தான் வரும். பாரத் கிருஹ ரக்ஷாவில், உள்பரப்பைச் சரியாகச் சொல்லியிருந்தால் இந்த வெட்டு கிடையாது. பின்னால் ஒரு அறை இழுத்துக் கட்டிவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் இருந்தால் அங்கே மாட்டும், உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது உண்டா என்று பாருங்கள்.

காலக்கெடுவும் உங்கள் பக்கம் இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஏதோ ஒரு காகிதம் இல்லை என்பதற்காக மட்டும் கிளெய்மை நிராகரிக்கவும் கூடாது.

நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாசத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் ஒப்பவில்லை என்றாலோ சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையான வழக்கை அவர் கேட்பார். நிறுவனம் மறுத்த ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். இதற்கிடையில் 38,000 ரூபாயை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் "முழு இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த ரசீதில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று கையால் எழுதி, நகல் எடுத்து வையுங்கள்.

கேள்வி: இந்த வருஷம் எங்கள் வீடு தப்பித்தது. அடுத்த சித்திரைக்கு முன்னாடி என்ன செய்து வைக்கலாம்? (காங்கேயம் வாசகி)

பதில்: மாசி மாசம் வெயில் நன்றாக அடிக்கிற ஒரு நாள், கூரையின் எல்லாச் சரிவையும், சீலிங்கை உள்ளேயிருந்தும், செல்போனில் எடுத்து வையுங்கள் அம்மா. செல்போன் படத்தில் தேதி தானாகவே பதிவாகும். எடுத்ததை உங்களுக்கே ஒரு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் போன் தொலைந்தாலும் இருக்கும். பழைய விரிசல் இருக்கிற ஓட்டை அப்போதே மாற்றிவிடுங்கள், மாற்றிய ரசீதும் அந்த மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். பாலிசியின் முதல் பக்கத்தையும் கிளெய்ம் தகவல் சொல்கிற எண்ணையும் படமெடுத்து அதோடு சேர்த்து அனுப்புங்கள், பங்குனி பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள்.